தள்ளிவைக்கப்பட்ட பதில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் வசிக்கும் சிகாகோ புறநகரில் குளிர்காலத்தில் மாலை நாலரை மணிக்குள் மஃரிப் வந்துவிடும். வீட்டில் ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு நாங்கள் நால்வரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு முடிவு வெளியாகும் என்று அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்து, உதடுகள் மட்டும் அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி ஐந்தானது. மகள் திரையை ஒருமுறை படித்தாள். மேலே நகர்த்தி மறுபடியும் படித்தாள். பிறகு கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். இடம் கிடைத்துவிட்டது என்றும் இல்லை. இடம் இல்லை என்றும் இல்லை. "டிஃபர்டு" என்றிருந்தது. முடிவு தள்ளிவைக்கப்பட்டது என்று பொருள்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்காக இம்முறையைச் சற்று விளக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடுவார்கள். நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஓர் எண்ணில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் அப்படி ஓர் எண் இல்லை. நான்காண்டு மதிப்பெண்கள், தேர்வுகள், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைகள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு குழு முடிவு செய்கிறது. நவம்பர் மாதத்திலேயே விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ பதில் கிடைக்கும். அந்தப் பதில் மூன்று வகைப்படும்: ஆம், இல்லை, தள்ளிவைப்பு. தள்ளிவைக்கப்பட்ட விண்ணப்பத்தைப் பிந்தி வரும் விண்ணப்பங்களோடு சேர்த்து, அரையாண்டு மதிப்பெண்களையும் பெற்றுக்கொண்டு, மறுபடியும் வாசிப்பார்கள். இறுதிப் பதில் மார்ச் மாத இறுதிவாக்கில் வரும். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று மாணவர்கள் பொதுவாக மே 1ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும்.

பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பொறியியல் கல்லூரிக்கான சேர்க்கை தனி. வேறு துறையில் நுழைந்து பிறகு பொறியியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்றால், அந்த வாசல் மிகவும் குறுகலானது. ஆகவேதான் அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் அவ்வளவு கனமாக விழுந்தது.

மகளுக்குக் கட்டடப் பொறியியலில் ஆர்வம் பிறந்ததற்கு ஒரு மனிதரின் வரலாறு காரணம். ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்பவர் 1929இல் டாக்காவில் பிறந்தவர். 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா வந்து இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்தார். சிகாகோவின் ஜான் ஹான்காக் கட்டடத்திற்கும், 110 மாடிகள் கொண்ட ஸியர்ஸ் கோபுரத்திற்கும் கட்டமைப்பு வகுத்தவர் அவரே. ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் வந்திறங்கும் கூடாரக் கூரைகளின் கட்டமைப்பிலும் அவருடைய பங்கு பெரிது. மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது நகர மையத்திற்கு அழைத்துச் சென்று, இந்தக் கோபுரத்தின் பொறியாளர் ஒரு முஸ்லிம் என்று சொன்னேன். தலையை முழுவதுமாகப் பின்னால் சாய்த்து உச்சியைப் பார்த்தாள். "காற்றடித்தால் விழாதா வாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரவு

நான் பேசத் தொடங்கினேன். இது மறுப்பு அல்ல, இன்னும் வாய்ப்பு இருக்கிறது, மதிப்பெண்களைக் காத்துக்கொள், இதில் நிச்சயம் ஒரு நன்மை இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மகள் தலை குனிந்திருந்தாள். மனைவி என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"இப்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். இஷாவுக்கு நேரமாகிறது. எழுந்து உளூ செய்யுங்கள். பிள்ளை வருவாள்."

எழுந்து உளூ செய்தேன். தம்பி இகாமத் சொன்னான். நான் தக்பீர் கட்டும்போது பின்னால் மகள் வந்து நிற்பது தெரிந்தது. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவளுடைய முஸல்லாவில் நெற்றி பட்ட இடம் நனைந்திருந்தது. சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்:

"வாப்பா, மூன்று மாதமாகத் தஹஜ்ஜுத் தொழுதேன். அல்லாஹ் என் துஆவைக் கேட்கவில்லையா?"

எனக்கு விடை தெரியும். நம் எல்லோருக்கும் தெரியும். கேட்ட துஆ வீணாவதில்லை. கேட்டது இங்கேயே கொடுக்கப்படும், அல்லது மறுமைக்காகச் சேர்த்துவைக்கப்படும், அல்லது அதற்கு ஈடாக ஒரு தீங்கு தடுக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததைச் சொன்னேன். சொன்னது சரியானதுதான். ஆனால் என் குரலில் உறுதி இல்லை. மகள் அதைக் கவனித்தாள் என்றே நினைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு காயல்பட்டினத்திலிருந்து என் உம்மா அழைத்தார்கள். அங்கே விடிந்திருந்தது. "என்ன ஆச்சு வாப்பா, பேத்திக்குக் கிடைத்துவிட்டதா?" என்றார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி, துஆ செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் சும்மா இருக்கவில்லை. ஜுமுஆ முடிந்து மஸ்ஜித் வாசலில் தேநீர் குடிக்கும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! "துஆ செய்யுங்கள்" என்று கேட்கும் சாக்கில் சொல்லியிருக்கிறேன். துஆ வேண்டியதும் உண்மை. பெயரைச் சொல்லிக்கொள்ள விரும்பியதும் உண்மை.

தொலைபேசியை வைத்த பிறகு என் மனத்தை நானே பார்த்தேன். திரையில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் எனக்கு முதலில் தோன்றியது மகளின் முகம் அன்று. "சொல்லிவிட்டோமே, அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பார்களே" என்பதுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் என்னைப் போன்ற தந்தையர் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஹுதைபிய்யாவில் நின்றவர்கள்

மனைவி என் கையைத் தொட்டு நிறுத்தியது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இது போன்ற ஒன்றை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்ற, ஸீரா நூலை எடுத்துப் புரட்டினேன். ஹுதைபிய்யாவில் வந்து நின்றேன்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஅதா மாதம். நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1400 தோழர்களும் உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்து, பலிப் பிராணிகளோடு மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். கஅபாவை வலம் வருவதாக நபியவர்கள் கனவு கண்டிருந்தார்கள். நபிமார்களின் கனவு உண்மையானது. ஆகவே மக்காவில் நுழைவோம் என்பதில் தோழர்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் மக்காவின் எல்லையில், ஹுதைபிய்யாவில், குறைஷிகள் தடுத்துவிட்டார்கள். இறுதியில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த ஆண்டு திரும்பிச் சென்றுவிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள்கள் தங்கிக்கொள்ளலாம்.

இதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் அந்தப் பதிலின் வடிவம் கண்ணில் பட்டது. அது மறுப்பும் அன்று, அனுமதியும் அன்று. தள்ளிவைப்பு.

உமர் (ரலி) அவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. நாம் கஅபாவுக்குச் செல்வோம் என்று நீங்கள் கூறவில்லையா என்று நபியவர்களிடமே கேட்டார்கள். கூறினேன், ஆனால் இந்த ஆண்டே என்று கூறினேனா என்பது நபியவர்களின் பதிலாக இருந்தது. வாக்குறுதி உண்மை. அதற்கு நாள் குறித்துக்கொண்டது மனிதர்கள். அன்று அப்படிக் கேள்வி கேட்டுவிட்டதற்காகப் பின்னாளில் பல நற்செயல்கள் செய்ததாக உமர் (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள்.

உடன்படிக்கை முடிந்ததும், எழுந்து பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் அல்லர். நபியவர்களுக்காக உயிரையே தரத் துணிந்தவர்கள். துயரம் அவர்களை அசையவிடவில்லை. நபியவர்கள் கூடாரத்திற்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே பிராணியை அறுத்து, தங்கள் தலையை மழிக்கச் செய்யுங்கள் என்று அந்த அன்னையார் ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் எழுந்தார்கள்.

ஒரு பல்கலைக்கழக இடத்தை அந்த உம்ராவோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. அங்கே இருந்தது தீனின் எதிர்காலம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பிள்ளையின் படிப்பு. ஆனால் துயரத்தில் உறைந்திருக்கும் மனிதரிடம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. விளக்கம் சொல்லாதே. அடுத்துச் செய்ய வேண்டிய கடமை எதுவோ, அதை நீ முதலில் செய். என் மனைவி அந்த வரலாற்றை நினைத்துச் சொன்னாரா என்று கேட்டேன். "இல்லை, இஷாவுக்கு நேரமாகியிருந்தது, அவ்வளவுதான்" என்றார்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியில் சூரா அல்ஃபத்ஹ் அருளப்பட்டது. தோழர்கள் தோல்வி என்று எண்ணியதை அல்லாஹ் தெளிவான வெற்றி என்று அழைத்தான். அவர்கள் உம்ரா செய்தது அடுத்த ஆண்டு. மக்கா வெற்றி கொள்ளப்பட்டது ஹிஜ்ரி 8இல். ஆனால் வெற்றி என்னும் பெயர், வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பாதையிலேயே வந்துவிட்டது.

நான் தள்ளிவைத்திருந்தது

கட்டுரையை இத்தோடு முடித்திருந்தால் படிப்பினை அழகாக அமைந்திருக்கும். ஆனால் அந்த வாரம் எனக்கு இன்னொன்று புலப்பட்டது. அது எளிதாக இல்லை.

மகள் விண்ணப்பித்தது வேறு மாநிலத்தின் பல்கலைக்கழகம். இந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்தாரிடம் ஒரு கட்டணமும், பிற மாநிலத்தாரிடம் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கும் வாங்குவது வழக்கம். நாங்கள் சேர்த்துவைத்திருந்த தொகை பாதிக்குக்கூடப் போதாது. எஞ்சியதற்கு மாணவர் கடன் வாங்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவருக்கு மத்திய அரசு நேரடியாகத் தரும் கடன் 5,500 டாலர் வரைதான். அதற்கு மேல் பெற்றோர் பெயரில் கடன், அல்லது தனியார் கடன். எல்லாம் வட்டி.

இது எனக்கு நவம்பரிலேயே தெரியும். மனைவி ஒருமுறை கேட்கவும் செய்தார். "முதலில் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றேன். ரிபா பற்றி அல்குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நான் அறியாதவனல்லன். வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாக சூரா அல்பகராவில் வருவதை ரமலான்தோறும் ஓதுகிறேன். ஓதியும், "பிறகு பார்ப்போம்" என்றேன்.

இஸ்திகாரா துஆவை நினைத்துப் பாருங்கள். அல்குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுத்தருவது போலவே நபி (ஸல்) அவர்கள் அதைக் கற்றுத்தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தத் துஆவுக்கு இரு பாதிகள் உண்டு. இக்காரியம் எனக்கு நல்லதானால் இதை எனக்கு விதித்து எளிதாக்கு என்பது முதல் பாதி. தீயதானால் இதை என்னைவிட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதைவிட்டுத் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து அதில் என்னைத் திருப்தி அடையச் செய் என்பது இரண்டாம் பாதி. நானும் மகளுக்காக இஸ்திகாரா தொழுதேன். முதல் பாதியை உள்ளத்தால் கேட்டேன். இரண்டாம் பாதியை நாவால் ஓதினேன்.

அல்லாஹ் எங்கள் பதிலைத் தள்ளிவைத்துவிட்டான் என்று வருந்திக்கொண்டிருந்த நான், அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பல வாரங்களாகத் தள்ளிவைத்திருந்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில் மகளை உட்காரவைத்துப் பேசினோம். எங்கள் சேமிப்பு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு தர இயலும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மார்ச்சில் இடம் கிடைத்தாலும், போதிய உதவித்தொகை கிடைக்காவிட்டால் வட்டிக்கு வாங்கி அனுப்பமாட்டோம் என்றேன்.

அவள் அழவில்லை. "இதை ஏன் வாப்பா நவம்பரிலேயே சொல்லவில்லை? நான் அதையே நினைத்துக்கொண்டிருக்க விட்டுவிட்டீர்களே" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. "வாப்பா செய்தது தவறு. எனக்குத் துணிவு வரவில்லை. என்னை மன்னித்துவிடு மகளே" என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லாதது. என் வாப்பா என்னிடம் கேட்டதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை. இரண்டு நாள்கள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எழுதாமல் விட்ட வாக்கியம்

தள்ளிவைக்கப்பட்ட மாணவர்கள் தங்கள் ஆர்வம் தொடர்கிறது என்று பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதலாம். நவம்பருக்குப் பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, இடம் கிடைத்தால் நிச்சயம் உங்களிடமே சேர்வேன் என்று முடிப்பது வழக்கம். அப்படி எழுதுவது வலுச் சேர்க்கும் என்று பள்ளியின் ஆலோசகரும் சொன்னார்.

மூன்றாம் நாள் இரவு மகள் கடிதத்தோடு வந்தாள். பள்ளியில் மாதிரிப் பாலம் ஒன்றைக் கட்டி எடை ஏற்றிச் சோதித்தது, முதலில் முறிந்த இணைப்பைத் திருத்தியது, அரையாண்டு மதிப்பெண்கள் என எல்லாம் அதில் இருந்தன. கடைசி வாக்கியம் மட்டும் இல்லை.

"நிச்சயம் சேர்வேன் என்று எழுதச் சொன்னார்கள். பணம் போதாவிட்டால் சேரமாட்டேன் என்று தெரிந்துகொண்டே அதை எழுத முடியாது அல்லவா?" என்றாள்.

எழுதிவிடு, எல்லோரும் எழுதுவதுதானே என்று சொல்ல என் நாக்கு எழுந்தது. அல்லாஹ் காத்தான். "நீ எழுதியது போதும்" என்றேன். அதன் பிறகே எங்களிடையே பேச்சு பழையபடி ஆனது.

அதே வாரம் அவள் வேறு சில விண்ணப்பங்களையும் அனுப்பினாள். அவற்றில் ஒன்று எங்கள் மாநிலத்திலேயே, வீட்டிலிருந்து இரயிலில் போய்வரக்கூடிய ஓர் அரசுப் பல்கலைக்கழகம். நவம்பரில் அதன் பெயரை நான் கவனித்துப் பார்த்ததுகூட இல்லை. பொறியியல் படிப்புகளுக்கு ஏபெட் என்னும் அமைப்பு அங்கீகாரம் வழங்குகிறது. அந்த அங்கீகாரம் அங்கும் இருந்தது. பின்னாளில் பொறியாளர் உரிமம் பெற எழுத வேண்டிய முதல் தேர்வும் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்றேதான். மஸ்ஜித் வாசலில் பெயரைச் சொன்னால் புருவம் உயராது. அவ்வளவே வேறுபாடு என்று பிறகு புரிந்துகொண்டேன்.

2025இல் ரமலான் ஏறத்தாழ மார்ச் மாதம் முழுவதும் அமைந்தது. கடைசிப் பத்து நாள்களில் ஒரு நாள் இஃப்தாருக்குச் சற்று முன் பதில் வந்தது. இம்முறை மேசையைச் சுற்றி யாரும் அமரவில்லை. மகள் தன் அறையில் தனியாகப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். "கிடைக்கவில்லை உம்மா" என்றாள். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உம்மாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கிண்டத் தொடங்கினாள். அடிபிடிக்காமல் நெடுநேரம் கிண்டினாள்.

அந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் அன்றிரவு எனக்கு வந்தது. மறைப்பானேன், பல இரவுகள் வந்தது. உனக்கு ஏதேனும் நேர்ந்தால், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதே, அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதே ஹதீஸின் முன்பகுதியில், உனக்குப் பயன் தருவதில் முனைப்பாக இரு, அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே என்ற கட்டளையும் இருக்கிறது. முயற்சிக்கு முன்பகுதி, முடிவுக்குப் பின்பகுதி. நாமோ பெரும்பாலும் இரண்டையும் மாற்றிவைத்துக்கொள்கிறோம்.

தராவீஹிலிருந்து காரில் திரும்பும்போது மகளிடம் கேட்டேன். "அந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டதில் வருத்தம் உண்டா?"

"இடம் கிடைக்காததில் வருத்தம் இருக்கிறது வாப்பா. அதில் இல்லை" என்றாள்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

பிள்ளைகள் விண்ணப்பிக்கும் காலம் இது. எங்கள் தவறுகளிலிருந்து கற்றவற்றைச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிய உண்மையை விண்ணப்பிக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உதவித்தொகை போக ஏறத்தாழ எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிடும் வசதி ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் இருக்கிறது. அக்டோபரிலேயே பிள்ளையோடு அமர்ந்து அதைப் பாருங்கள். வட்டியில்லாமல் படிக்கவைக்கக்கூடிய ஒரு கல்லூரியாவது பட்டியலில் இருக்கட்டும். அதைக் கடைசி வரியில் வேண்டா வெறுப்பாக எழுதாதீர்கள். அழகிய கடன் வழங்கும் முஸ்லிம் அறக்கட்டளைகள் இந்நாட்டில் உள்ளன. உங்கள் மஸ்ஜித் நிர்வாகத்திடமும் விசாரியுங்கள். கடன் பற்றி உங்கள் சூழ்நிலையை நம்பத்தகுந்த ஓர் ஆலிமிடம் விரிவாகச் சொல்லித் தெளிவு பெறுங்கள். நெருக்கடிக்கு ஆளான வேறொரு குடும்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

பதில் தள்ளிவைக்கப்பட்டால் அன்றிரவே உபதேசம் செய்யாதீர்கள். உண்மையான தகவல்களோடு ஒரு கடிதம், அரையாண்டு மதிப்பெண்கள், அதோடு நிறுத்திக்கொண்டு மற்ற விண்ணப்பங்களைக் கவனியுங்கள். பிள்ளையின் பல்கலைக்கழகப் பெயரை மஸ்ஜித் வாசலில் சொல்லும் ஆசை வந்தால், அந்த நேரத்தில் பிள்ளைக்காக இரண்டு ரக்அத் தொழுதுவிடுங்கள்.

மகள் இப்போது அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். சுப்ஹு தொழுதுவிட்டு இரயில் நிலையம் செல்கிறாள். நகரை நெருங்கும்போது ஸியர்ஸ் கோபுரம் தெரியுமாம். அது ஒரே கட்டடமாகத் தோன்றினாலும், ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியது போன்ற அமைப்பு. அவை ஒன்றை ஒன்று தாங்குவதால்தான் காற்றைத் தாங்குகிறது என்று அவளே எனக்கு விளக்கினாள். பத்து வயதில் கேட்ட கேள்விக்குப் பதினெட்டு வயதில் விடை கண்டிருக்கிறாள். அந்தப் பொறியாளரும் கல்கத்தாவை அடுத்த சிப்பூர் கல்லூரியில் தொடங்கிய படிப்பை அங்கே முடிக்க முடியாமல், டாக்காவின் அஹ்ஸானுல்லாஹ் பொறியியல் கல்லூரியில்தான் முடித்தார் என்பதையும் அவள்தான் படித்துச் சொன்னாள்.

எல்லாம் நன்மைக்கே, இதுவே மேலானதாக அமைந்துவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் அந்த வேறொரு பாதையில் என்ன இருந்தது என்பதை நான் அறியேன். ஒன்றை நாம் வெறுக்க அதில் நன்மை இருக்கலாம், ஒன்றை நாம் விரும்ப அதில் தீமை இருக்கலாம், அல்லாஹ் அறிவான், நாம் அறியமாட்டோம் என்பது சூரா அல்பகராவின் 216ஆம் வசனத்தின் கருத்து. அதன் முற்பகுதியையே ஆறுதலாக ஓதிவந்தேன். நாம் அறியமாட்டோம் என்னும் இறுதிப் பகுதியோடு வாழ்வதுதான் ஈமான் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் இன்னும் தஹஜ்ஜுத் தொழுகிறாளா என்று நான் கேட்பதில்லை. சில அதிகாலைகளில் அவள் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. ஹலாலான வழியை எங்களுக்குப் போதுமானதாக்குவாயாக. நீ தந்ததிலும், தடுத்ததிலும், தள்ளிவைத்ததிலும் எங்கள் உள்ளங்களைத் திருப்தி அடையச் செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.